முதல் முட்டைக்கு முந்தைய மூன்று வாரம்: வெடக்கோழி வளர்ப்பவர்களுக்கு

மூன்று வருடங்களுக்கு முன்னால், மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை. பெரியம்மா வீட்டுக் கோழிக்கூண்டில் ஒரு பழுப்புக் கோழி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண் தெளிவாக இருந்தது, கொண்டையும் நல்ல சிவப்பு. கையில் தூக்கியபோது அடிவயிற்றில் முட்டை ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆனால் கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கின. அது முட்டைக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

"நேத்து சாயங்காலம்கூட நல்லா தீனி எடுத்துச்சேடி" என்றார் பெரியம்மா. உண்மைதான். நாள் தவறாமல் முட்டை போட்ட கோழி அது. அன்று மாலையே செத்துப்போனது. சுத்தம் பண்ணும்போது தொடை எலும்பு காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி ஒடிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாங்கள் பர்மாவில் பெகு பக்கம். இங்கே வயல் இல்லாத வீட்டிலும் நாலு கோழி இருக்கும். குறுணையும் தவிடும் எப்போதும் கிடைக்கும். மீந்த சோறு இருக்கவே இருக்கிறது. அந்தக் கோழிகளுக்கும் அதைத்தான் வயிறாரப் போட்டோம். பசியால் அது சாகவில்லை. முட்டை ஓடு செய்யத் தீனியில் சுண்ணாம்புச் சத்து கிடைக்காததால், தன் எலும்பிலிருந்தே எடுத்து எடுத்துக் கொடுத்து, கடைசியில் நிற்க எலும்பு இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும், என் கோழிகளைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை, முதல்முறை கோழி வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வெடக்கோழி என்றால் எது

குஞ்சுப் பருவம் தாண்டி, இன்னும் ஒரு முட்டைகூடப் போடாத பெட்டைதான் வெடக்கோழி. பண்ணையிலிருந்து வாங்கும் பழுப்பு இனம் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வரும். நாட்டுக்கோழிக்கு அவசரம் கிடையாது. ஐந்தரை, ஆறு மாதம் ஆகும், சிலது ஏழு மாதம்கூட எடுக்கும். அதனால் நாட்டுக்கோழி விஷயத்தில் நாட்காட்டியை நம்பாதீர்கள். கோழியே சொல்லும்.

முதலில் கொண்டை. வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னதாக இருந்தது இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாகிச் செக்கச்செவேலென்று ஆகும். தாடியும் அப்படியே. அப்புறம் சத்தம். அதுவரை குஞ்சுக் குரலில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, தொண்டையை இழுத்து மெதுவாகக் கேற ஆரம்பிக்கும். மூலை முடுக்கெல்லாம் தலையை விட்டுப் பார்க்கும். சாக்குக்கு அடியில், விறகு இடுக்கில் இடம் தேடும். நீங்கள் பக்கத்தில் போய்க் கையை நீட்டினால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கி உட்காரும். சேவலுக்கு இடம் கொடுக்கும் நிலை அது. இதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை.

சந்தேகம் இருந்தால் இரவில் பாருங்கள், அடைந்த பிறகு கோழி அடங்கி இருக்கும். டார்ச்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய எலும்பு முனைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். முனைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்து, எலும்பும் வளைந்து கொடுத்தால் முட்டை நெருங்கிவிட்டது. முட்டை போட்டுக்கொண்டிருக்கும் கோழிக்கு மூன்று விரல்கூட நுழையும். என் அனுபவத்தில் கொண்டையைவிட இதுதான் நம்பகமானது, ஏனென்றால் சில கோழிகளுக்கு வெயிலிலேயே கொண்டை சிவந்து காட்டும்.

இன்னொன்று, பலர் கேட்பது: முட்டைக்குச் சேவல் வேண்டுமா? வேண்டாம். சேவல் இல்லாமலும் கோழி முட்டை போடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு சேவல் திரிகிறது, ஆனால் அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டது.

எலும்புக்குள் நடக்கும் வேலை

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு முட்டை ஓட்டின் எடை 5, 6 கிராம் இருக்கும். ஏறக்குறைய முழுக்கவே சுண்ணாம்புப் பொருள். அதில் கால்சியம் மட்டும் தனியாக 2 கிராமுக்குச் சற்று மேலே. முழு வளர்ந்த வெடக்கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் சேர்த்து இருக்கிற கால்சியம் சுமார் 20 கிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து முட்டைக்குள் தன் எலும்பு முழுவதற்கும் சமமான கால்சியத்தை ஓடாக வெளியே தள்ளிவிடுகிறது. வேறு எந்த வளர்ப்புப் பிராணியிடமும் நாம் இவ்வளவு கேட்பதில்லை.

இதைச் சமாளிக்கக் கோழியின் உடம்பு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. முதல் முட்டைக்கு 10 முதல் 14 நாள் முன்பு, பெண் ஹார்மோன் ரத்தத்தில் ஏறியதும், கால் எலும்புகளின் உள் குழலில், மஜ்ஜை இருக்கும் இடத்தில், பஞ்சு போன்ற புது எலும்பு வளரத் தொடங்கும். மஜ்ஜை எலும்பு என்று சொல்லலாம். இது உடம்பைத் தாங்குகிற எலும்பு இல்லை. வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளும் சேமிப்பு. சேவலுக்கு இது கிடையாது, முட்டைப் பருவத்தில் இருக்கும் பெட்டைக்கு மட்டும்தான் உண்டு.

இந்தச் சேமிப்பு எதற்கு என்றால், ஓடு பெரும்பாலும் ராத்திரியில் உருவாகிறது. மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு, வெள்ளைக் கரு போர்த்தி, மெல்லிய தோல் கட்டி, ஓடு செய்யும் பைக்குள் வந்து சேரச் சுமார் நாலரை, ஐந்து மணி நேரம். அந்தப் பையில் ஏறக்குறைய 20 மணி நேரம் இருக்கிறது. ஓடு கெட்டிப்படுவது முக்கியமாக இரவில். அந்த நேரம் கோழி பரணில் உட்கார்ந்து தூங்குகிறது, தீனி இறங்குவதில்லை. குடலில் இருப்பது தீர்ந்ததும் மஜ்ஜை எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் பூசுகிறது. மறுநாள் தின்று அந்தக் கடனை அடைக்கிறது. நாள்தோறும் இப்படி எடுத்து அடைத்து, எடுத்து அடைத்து ஓடுகிறது.

மறுநாள் தீனியில் கால்சியம் இல்லாவிட்டால்? கடன் அடையாது. கொஞ்ச நாளில் சேமிப்புத் தீர்ந்து, உடம்பைத் தாங்குகிற எலும்பையே அரிக்கத் தொடங்கும். பெரியம்மாவின் கோழிக்கு நடந்தது அதுதான். நல்லா முட்டை போடுகிற கோழிதான் முதலில் விழும்.

அதனால்தான் முட்டையைப் பார்த்த பிறகு கிளிஞ்சல் தேடிப் போகாதீர்கள் என்கிறேன். அந்த மஜ்ஜை எலும்பு கட்டப்படும் இரண்டு வாரத்திலேயே பொருள் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் சீக்கிரம் கொடுத்தாலும் கெடுதல்

"அப்போ குஞ்சிலிருந்தே முட்டைக்கோழித் தீவனம் போட்டுட்டா என்ன?" என்று என்னிடம் ஒரு பெண் கேட்டார். கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். வேண்டாத கால்சியத்தை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம். மூன்று மாதம் கூட ஆகாத குஞ்சுக்கு மாதக்கணக்கில் அவ்வளவு போனால் சிறுநீரகம் வீங்கி, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவம் படியும். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒவ்வொன்றாகச் சாகும்.

எனவே பண்ணை இனத்துக்கு 16, 17 ஆவது வாரத்தில் வளர்தீவனத்திலிருந்து முட்டைத் தீவனத்துக்கு மாற்றலாம். நாட்டுக்கோழிக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கும்போது. ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பழையதும் புதியதும் பாதிப் பாதி கலந்து போடுங்கள்.

பல வயதுக் கோழிகள் ஒன்றாகத் திரியும் வீட்டில் இது நடக்காத காரியம். குஞ்சு, வெடக்கோழி, கிழட்டுக்கோழி, சேவல் எல்லாம் ஒரே தட்டில் மொய்க்கும். அதற்கு நான் கண்ட நல்ல வழி: எல்லாவற்றுக்கும் கால்சியம் குறைந்த வளர்தீவனத்தையே போடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு மண்சட்டியில் வையுங்கள். ஓடு செய்ய வேண்டிய கோழிக்குச் சுண்ணாம்பின் மேல் தனிப் பசி உண்டு, அது தேடிப் போய்த் தின்னும். மற்றவை ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டு விலகிவிடும். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு அந்தச் சட்டியைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மறுநாள் முட்டை போடப்போகும் கோழிகள்தான் சுற்றி நிற்கும்.

கிளிஞ்சலை மாவாக இடிக்க வேண்டாம். மாவு சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். உடைத்த பயறு அளவுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டாக இருந்தால் அது இரைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சட்டியை மாலையில் நிரப்புவதும் இதற்காகத்தான். தீவனத்தில் கலப்பதென்றால் பாதித் துண்டு, பாதித் தூள் சரியாக இருக்கும். கடலோரம் மோல்மேன் பக்கம் இருப்பவர்களுக்குச் சிப்பி, கிளிஞ்சல் சுலபம். மற்றவர்கள் சந்தையில் கேளுங்கள். வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் நன்றாக வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடலாம். அடையாளம் தெரிந்தால் கோழி முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் தெருவுக்கு இரண்டு வெற்றிலைக் கடை. "சுண்ணாம்புதானே" என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு, கிளிஞ்சல் வேறு. நீற்றிய சுண்ணாம்பு காரம், வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். கோழிக்கு வேண்டியது சூளையில் நீற்றாத ஓடும் கிளிஞ்சலும்.

ஆற்று மணலும் சிறு கல்லும் வேறு விஷயம். பல் இல்லாத கோழி இரைப்பையில் தானியத்தை அரைக்கக் கல் வேண்டும். அதில் கால்சியம் கிடைக்காது. வெளியில் மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும், அடைத்து வளர்த்தால் கொஞ்சம் வையுங்கள்.

தட்டில் என்ன போடுவது

குறுணையில் புரதம் 7, 8 சதவீதம்தான். தவிட்டில் 12, 13. முட்டைக்கு வந்த கோழிக்கு வேண்டியது 16, 17. இரண்டையும் எப்படிக் கலந்தாலும் எட்டாது. கால்சியமோ 100 கிராம் குறுணைத் தவிட்டில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தேவை நாளைக்கு 4 கிராம். எங்கள் தவறு எவ்வளவு பெரியது என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

கடையில் மூட்டையாக வரும் முட்டைத் தீவனம் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், தொடக்கக்காரருக்கு அதுவே நிம்மதி. விலை கட்டாதவர்களுக்கு நான் இப்போது கலப்பது இது. நூறு பங்கில்: குறுணையும் உடைத்த மக்காச்சோளமும் சேர்த்து 50, தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 13, உப்பில்லாத காய்ந்த மீன் தூள் 8, கிளிஞ்சல் எட்டரை, கடையில் கிடைக்கும் வைட்டமின் தாது உப்புக் கலவை அரை. புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். வளர்தீவனம் வேண்டுமென்றால் கிளிஞ்சலை ஒன்றரைப் பங்காகக் குறைத்து, மிச்சத்தைக் குறுணையாகப் போட்டால் போதும். வீசையில் நிறுத்தாலும் பங்கு மாறாது.

மீன் தூளில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தானியத்திலும் கடலையிலும் போதாத சில புரதக்கூறுகளை அதுதான் ஈடுகட்டுகிறது. ஆனால் உப்புக் கருவாடும், ஙாப்பி என்கிற உப்பு மீன் விழுது வழித்த சட்டியும் கோழிக்கு வேண்டாம். உப்பு மிஞ்சினால் தண்ணீராகக் குடித்துக் கழிச்சல் போகும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

கடலைப் புண்ணாக்கைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மழை அப்படி. வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசி வரை சுவரெல்லாம் ஈரம். புண்ணாக்கில் பச்சை, மஞ்சள் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து, கடைசியில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது. ஈரலைத் தாக்கும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பும் போய்விடும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். முகர்ந்தால் முக்கல் வாடை வந்தால், காசைப் பார்க்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். தவிடும் அப்படித்தான், எண்ணெய்ச் சத்து உள்ளதால் சில வாரத்தில் காறிப்போகும்.

அளவு? வெடக்கோழி நாளைக்கு 75, 80 கிராம் தின்னும். முட்டைக்கு வந்து எட்டு, பத்து வாரத்தில் 110, 115 கிராமுக்கு ஏறும். என் அளவு பால்டப்பாதான். அரிசி அளக்கும் அதே டப்பா, எட்டு டப்பா ஒரு பியி (பர்மியப் படி). என் கலவையைத் தராசில் போட்டுப் பார்த்தேன், தலை தட்டி ஒரு டப்பா 220 கிராம் வந்தது. ஆக முட்டைக்கோழி இரண்டுக்கு ஒரு டப்பா. வெளியில் மேய்ந்து வரும் கோழிக்கு இதில் பாதிக்கு மேல் போதும், மீதியை அது புழுவும் புல்லுமாகத் தேடிக்கொள்ளும். கீரை, முருங்கை இலை, அகத்தி எதுவும் நல்லது, மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுக்கும். மீந்த சோற்றைக் கைப்பிடியோடு நிறுத்துங்கள். சோற்றால் வயிறு நிறைந்த கோழிக்குக் கொழுப்புத்தான் கட்டும், அந்தக் கொழுப்பு முட்டை வரும் வழியை நெருக்கும்.

எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துணிப்பையில் கோழியைப் போட்டுத் தொங்குதராசில் மாட்டினால் இரண்டு நிமிட வேலை. பழுப்பு இனம் 18 வாரத்தில் ஒன்றரைக் கிலோ, நம் ஊர்க் கணக்கில் ஒரு வீசைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எடை இல்லாமல் முட்டைக்கு வரும் கோழி காலத்துக்கும் சின்ன முட்டை போடும், சீக்கிரம் ஓய்ந்தும் போகும்.

வெளிச்சம், வெயில், தண்ணீர்

பகல் நீளம்தான் கோழிக்கு முட்டைக் காலத்தை அறிவிக்கிறது. கண்ணால் மட்டும் இல்லை, மண்டை ஓட்டை ஊடுருவி மூளையில் படும் வெளிச்சமும் அந்த வேலையைச் செய்கிறது. பெரிய பண்ணைகளில் விளக்குப் போட்டு 14, 16 மணி நேரப் பகல் காட்டுவது இதற்காக. யாங்கோன் பக்கம் மார்கழியில் பகல் 11 மணி நேரத்துக்குச் சற்று மேலே, ஆனியில் 13. வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அதனால் வீட்டில் நாலைந்து கோழி வைத்திருப்பவர் விளக்குக்காகக் கவலைப்பட வேண்டாம் என்பேன். கரண்ட் வந்து வந்து போகிற ஊரில் ஒருநாள் விளக்கு, ஒருநாள் இருட்டு என்று கோழியைக் குழப்பினால் இருக்கும் முட்டையும் நின்றுபோகும். விளக்குப் போடுவதென்றால் சூரிய விளக்கு வைத்து, தினம் ஒரே நேரத்தில், எடை தேறிய பிறகே தொடங்குங்கள். தொடங்கினால் நிறுத்தாதீர்கள்.

நமக்கு வெளிச்சத்தைவிட வெயில்தான் பிரச்சினை. கணக்குப் பாருங்கள்: தீபாவளிக்கு வாங்கிய பண்ணைக் குஞ்சு நாலரை மாதத்தில், பங்குனியில், முட்டைக்கு வரும். திஞ்ஜான் தண்ணீர்ப் பண்டிகைக்குக் கொதிக்கிற வெயிலில் முதல் முட்டைகள். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இளைக்க இளைக்கக் கரியமில வாயு உடம்பை விட்டு அதிகமாகப் போய்விடுகிறது. ஓடு செய்ய அந்த வாயுவும் தேவை. கிளிஞ்சல் நிறைய இருந்தும் கோடையில் ஓடு காகிதம் போல வருவது இதனால். சூட்டில் தீனியும் குறைவாகவே எடுக்கும்.

செய்யக்கூடியது: விடியும் முன்பும் பொழுது சாயும்போதும் தீனி, நடுப்பகலில் நிழலும் தண்ணீரும் மட்டும். வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைக்கும் மண்பானை போலவே கோழிக்கும் மண்பாத்திரம் வையுங்கள், நிழலில், இரண்டு மூன்று இடத்தில். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடிக்கும், கோடையில் அதுபோல் இரண்டு மடங்கு. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு நாள் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் பல நாள் முட்டை போகும்.

முட்டைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவே காலியாகும். தடுப்பு மருந்தை முட்டை தொடங்கும் முன், 15, 16 வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஐ-2 என்ற கண்சொட்டு மருந்து வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடியது, குளிர்பெட்டி வசதி குறைந்த கிராமங்களுக்காகவே ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். குடற்புழு மருந்தும் இதே சமயத்தில். முட்டை தொடங்கிய பிறகு கொடுத்தால் அந்த முட்டையைச் சில நாள் சாப்பிட முடியாமல் போகலாம்.

சந்தையில் வாங்கிய வெடக்கோழியை அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். 2006 மார்ச்சில் மாண்டலே பக்கம்தான் இந்த நாட்டில் முதன்முதலாக எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கோழி திடீரென்று செத்தால் அறுக்காமல், விற்காமல், கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

முட்டையிடும் இடத்தையும் இரண்டு வாரம் முன்பே தயார் செய்ய வேண்டும். நாலு கோழிக்கு ஒரு மூங்கில் கூடை, இருட்டான மூலையில், உள்ளே வைக்கோல். நான் வழுவழுப்பான வெள்ளைக் கல் ஒன்றை உள்ளே வைப்பேன். ஏற்கெனவே யாரோ இங்கே போட்டிருக்கிறார்கள் என்று வெடக்கோழி நம்பி உட்காரும். பரண் கூடையைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடையிலேயே தூங்கி எச்சமிட்டு வைக்கும்.

முதல் சில வாரங்கள்

முதல் முட்டை புறா முட்டைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். மஞ்சள் கருவே இல்லாத குட்டி முட்டை, இரண்டு கரு, ஓடில்லாத தோல் முட்டை, ஓட்டின் மேல் ஒரு ரத்தக் கோடு, எல்லாமே முதல் இரண்டு மூன்று வாரத்தில் வருவதுதான். இயந்திரம் பழக்கத்துக்கு வருகிறது. அதற்கு மேலும் தோல் முட்டை தொடர்ந்தால் கிளிஞ்சல் சட்டியைப் பாருங்கள். முட்டை எடை மெல்ல ஏறி, 28, 30 வாரத்தில் 58, 60 கிராமுக்கு வந்துவிடும். நாட்டுக்கோழி 40, 45-இல் நிற்கும்.

பயப்பட வேண்டியவை இரண்டு. கோழி நிமிர்ந்து நின்று வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டே இருந்து முட்டை வராவிட்டால் முட்டை சிக்கியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனையும்படி கால் மணி நேரம் உட்காரவைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். கையால் பிதுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் பிழைக்காது. சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, முட்டை வழி வெளியே தள்ளிச் சிவப்பாகத் தொங்குவது. அந்த நிமிடமே அந்தக் கோழியைத் தனியாக எடுத்துவிடுங்கள், மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். உடம்பு தேறாமல் முட்டைக்கு வந்ததற்கும், கொழுத்துப் போனதற்கும்தான் பெரும்பாலும் இப்படி ஆகும்.

பெரியம்மா இப்போது நாட்காட்டியில் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு புள்ளி வைக்கிறார். போன மாதம் ஒரு நாள் காலையிலேயே கூப்பிட்டார்: "அஞ்சு நாள் போட்டுச்சு, இன்னைக்கு இல்லை. கால் கீல் வலிக்குதோ என்னவோ, வந்து பாருடி." போய்ப் பார்த்தேன். நாட்காட்டியில் நேரமும் எழுதியிருந்தார், முதல் நாள் காலை ஏழு மணி, அப்புறம் எட்டரை, பத்து, பன்னிரண்டு, கடைசியாக மதியம் இரண்டு. ஒரு முட்டை முடிய 24 மணி நேரத்துக்கு மேல், 25, 26 மணி நேரம் எடுக்கிறது. அதனால் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். முட்டை போட்ட அரை மணி நேரத்தில் அடுத்த கரு இறங்க வேண்டும், ஆனால் பிற்பகல் ஆகிவிட்டால் கோழி அன்றைக்கு இறக்காது. ஒரு நாள் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். கோழியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் என் கையை நன்றாக உதைத்தன. மறுநாள் ஏழரைக்குப் புள்ளி விழுந்தது.